அறிவுப் பயணமும் அனுமதிச் சீட்டும்

கல்வியைத் தேடி நாடு கடந்து செல்வது இஸ்லாமிய நாகரிகத்தின் அடிப்படைப் பண்புகளுள் ஒன்றாகும். இதனை நிறுவுவதற்குச் சீன தேசத்தைக் குறிப்பிட்டு மக்களிடையே வழங்கிவரும் புகழ்பெற்ற வாசகத்தை நாம் துணைக்கு அழைக்க வேண்டியதில்லை. அதன் அறிவிப்பாளர் தொடர் வலுவற்றது என ஹதீஸ் கலை அறிஞர்கள் கூறியுள்ளனர். வலுவான சான்றுகள் வேறு உள்ளன. நபித்தோழர் ஜாபிர் பின் அப்துல்லாஹ் (ரலி) ஒரேயொரு நபிமொழியை நேரில் கேட்டறிவதற்காக ஒரு மாத காலம் பயணம் செய்து அப்துல்லாஹ் பின் உனைஸ் (ரலி) அவர்களைச் சந்தித்த செய்தியை இமாம் புகாரீ (ரஹ்) தம் நூலில் குறிப்பிட்டுள்ளார்கள். அந்த இமாம் அவர்களே பதின்ம வயதில் புகாரா நகரை விட்டுப் புறப்பட்டு, ஹிஜாஸ், இராக், சிரியா, எகிப்து எனப் பல நாடுகளின் ஆசிரியர்களை நாடிச் சென்றவர்கள். பக்தாத் நகர அறிஞர் அல்கதீப் (இறப்பு ஹி. 463 / கி.பி. 1071) இத்தகைய பயணங்களைப் பற்றியே தனி நூல் ஒன்றை எழுதினார். ‘ரிஹ்லா’ என்னும் சொல் கல்வி வரலாற்றில் ஒரு கலைச்சொல்லாகவே நிலைபெற்றது.

இன்று அதே நோக்கத்தோடு புறப்படும் இளைஞர், ஆசிரியரைச் சந்திப்பதற்கு நெடுநாள் முன்பே தூதரக அதிகாரியைச் சந்திக்க வேண்டியிருக்கிறது. சேர்க்கைக் கடிதம், வங்கி இருப்புச் சான்று, கடவுச்சீட்டு, கைரேகை, நேர்காணல் ஆகிய அனைத்தையும் கடந்த பின்னரே வகுப்பறையின் வாயில் திறக்கிறது. அனுமதி மறுக்கப்பட்டால் பல வேளைகளில் அதற்கான விரிவான காரணமும் சொல்லப்படுவதில்லை. இந்த ஏற்பாடு எப்போது தோன்றியது? இதற்கு முன்னர் கல்வி தேடி வந்த அயலாரைச் சமூகங்கள் எவ்வாறு நடத்தின? இவ்வினாக்களுக்கு விடை தேடும்போது, நம் காலத்து மாணவர் விசா விதிகளில் எது தவிர்க்க இயலாதது, எது அநீதியானது என்பதும் ஓரளவு தெளிவாகும்.

அலெக்சாந்திரியத் துறைமுகத்தில்

முற்காலத்தில் எல்லைகளே இருந்ததில்லை, மொராக்கோவிலிருந்து சமர்கந்து வரை எவரும் தடையின்றிச் செல்லலாம் என்னும் கருத்து நம்மிடையே பரவலாக உண்டு. வரலாறு அவ்வளவு எளியதன்று. ஸ்பெயின் நாட்டைச் சேர்ந்த இப்னு ஜுபைர் 1183ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஜெனோவா நாட்டவரின் கப்பலில் அலெக்சாந்திரியா வந்து சேர்ந்தார். அங்கு நிகழ்ந்தவற்றைத் தம் பயண நூலில் அவர் விரிவாக எழுதியிருக்கிறார். சுல்தானின் அலுவலர்கள் கப்பலில் ஏறி, பயணிகளை ஒவ்வொருவராக அழைத்துப் பெயர், உருவ அடையாளம், சொந்த நாடு ஆகியவற்றைப் பதிவு செய்தனர். கையில் உள்ள பணமும் பொருளும் விசாரிக்கப்பட்டன. அவர் உடன் வந்த நண்பர் கரைக்கு அழைத்துச் செல்லப்பட்டு, மேற்கு நாடுகளின் நிலவரம் குறித்து வினவப்பட்டார். சுங்கச் சாவடியில் மூட்டைகள் அவிழ்க்கப்பட்டு, ஆடைகளுக்குள்ளும் தேடல் நடந்தது. மறைத்து வைத்ததொன்றுமில்லை எனச் சத்தியமும் வாங்கப்பட்டது.

இப்னு ஜுபைருக்கு இது மிகுந்த வருத்தத்தை அளித்தது. ஆயினும் அவருடைய குற்றச்சாட்டின் தன்மையை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். விசாரணை நடந்தது என்பதை விட, அது பாகுபாடின்றி நடந்தது என்பதே அவரது மனக்குறை. ஒருவரிடமுள்ள பொருளுக்கு ஓராண்டு நிறைவுற்றதா, அவர் மீது ஸகாத் கடமையாகிவிட்டதா என்று கேளாமலேயே அனைவரிடமும் வசூலித்தார்கள் என்பது அவர் சுட்டிக்காட்டும் சட்டப் பிழை. சுல்தான் ஸலாஹுத்தீன் அய்யூபீ இதனை அறிந்திருந்தால் நிறுத்தியிருப்பார் எனவும் அவர் நம்பினார்.

இதே இப்னு ஜுபைர், அதே அலெக்சாந்திரியாவைப் பற்றி எழுதும்போது வேறொரு காட்சியையும் வரைகிறார். தொலைதூர நாடுகளிலிருந்து கல்விக்காகவும் வணக்கத்திற்காகவும் வருவோருக்கென அந்நகரில் மத்ரஸாக்களும் விடுதிகளும் இருந்தன. வருபவருக்கு உறைவிடமும், அவர் கற்க விரும்பும் கலைக்கு ஆசிரியரும், வாழ்க்கைச் செலவுக்கு உதவித்தொகையும் கிடைத்தன. வெளியூரார் குளிப்பதற்குக் குளியலகங்களும், நோயுற்றால் சிகிச்சை பெற மருத்துவமனையும் ஏற்படுத்தப்பட்டிருந்தன. மேற்கு நாடுகளிலிருந்து வரும் வழிப்போக்கர்களுக்கு ஆள் ஒன்றுக்கு நாள்தோறும் இரண்டு ரொட்டிகள் வழங்க சுல்தான் ஆணையிட்டிருந்தார். பின்னர் டமாஸ்கஸ் சென்ற இப்னு ஜுபைர், உமய்யா பள்ளிவாசலில் மேற்கு நாட்டு மாணவர்களுக்கென ஒதுக்கப்பட்டிருந்த மாலிகீ ஸாவியாவையும் அதற்குரிய வக்ஃபுச் சொத்துகளையும் கண்டு வியந்து, கல்வியில் உயர விரும்பும் தம் நாட்டு இளைஞர்கள் இந்தக் கிழக்கு நாடுகளுக்கு வர வேண்டும் என அறிவுரை கூறுகிறார்.

ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் வந்த இப்னு பதூதாவும் இவ்விரு முகங்களையும் கண்டார். எகிப்துக்கும் சிரியாவுக்கும் இடையே, சினாய்ப் பாலையில் கத்யா என்னும் சாவடி இருந்தது. எகிப்திலிருந்து செல்பவர் எகிப்திய அனுமதிச் சீட்டும், சிரியாவிலிருந்து வருபவர் சிரிய அனுமதிச் சீட்டும் காட்டியாக வேண்டும். இரவில் எவரும் களவாகக் கடந்துவிடாதபடி மாலையில் மணலைச் சமன்படுத்தி, காலையில் காலடித் தடங்களைத் தேடினர். இராக்கை ஆண்ட மங்கோலியரின் ஒற்றர்களைத் தடுப்பதும் இதன் நோக்கங்களுள் ஒன்று. அந்தச் சாவடியைக் கடந்து 1326ஆம் ஆண்டு டமாஸ்கஸ் அடைந்த அவர், உமய்யா பள்ளிவாசலில் பாடம் கேட்டு, அறிஞர் பலரிடம் இஜாஸாவும் பெற்றார்.

இங்கு ஓர் உண்மை புலனாகிறது. காவலும் விருந்தோம்பலும் ஒரே நகரில், ஒரே ஆட்சியில், அருகருகே இயங்கின. ஆனால் அவை இரு வேறு கரங்களில் இருந்தன. துறைமுக அலுவலர் கேட்டது பொருளையும் போர்ச் செய்தியையும் பற்றி. மத்ரஸாவின் ஆசிரியர் கேட்டது மாணவரின் கல்வியைப் பற்றி. சாவடியைக் கடந்த மாணவரை ஆசிரியர் மீண்டும் சாவடிக்கு ஒப்படைப்பது கல்விக்கூடத்தின் பணியாக இருக்கவில்லை.

அமான் என்னும் பாதுகாப்பு

இஸ்லாமியச் சட்டவியலில் அயல்நாட்டாரின் வருகை பற்றிய விதிகள் ‘அமான்’ என்னும் தலைப்பில் ஆராயப்படுகின்றன. அத்தவ்பா அத்தியாயத்தின் 6ஆம் வசனம் இதற்கு ஓர் அடிப்படை. போர்ச் சூழலைப் பேசும் அத்தியாயத்திலேயே, எதிரித் தரப்பைச் சேர்ந்த ஒருவர் பாதுகாப்புக் கோரினால் அவர் இறைவாக்கைச் செவியுறும் வரை அடைக்கலம் அளித்து, பின்னர் அவருக்குப் பாதுகாப்பான இடத்தில் சேர்ப்பிக்குமாறு அவ்வசனம் பணிக்கிறது. கேட்டு அறிய வந்தவர் கேட்டதை ஏற்க வேண்டும் என்னும் நிபந்தனை அதில் இல்லை. ஏற்காவிடினும் அவர் அச்சமின்றித் திரும்பிச் செல்ல வேண்டும். அறிதலுக்காக வரும் அந்நியருக்கு மறையே வழங்கிய உரிமையாக இதனைக் கொள்ளலாம். தூதர், வணிகர் முதலானோருக்கும் அமான் உரியது என அறிஞர்கள் விரித்துரைத்தனர்.

அமானை வழங்கும் அதிகாரமும் சிந்திக்கத்தக்கது. அது ஆட்சியாளரின் தனியுரிமையன்று. மக்கா வெற்றியின்போது உம்மு ஹானி (ரலி) என்னும் பெண்மணி அளித்த அடைக்கலத்தை நபி (ஸல்) அவர்கள் அங்கீகரித்தார்கள். இதனடிப்படையில், சமூகத்தின் சாதாரண உறுப்பினர் ஒருவர் அளிக்கும் அமானும் அனைவரையும் கட்டுப்படுத்தும் எனச் சட்ட அறிஞர்கள் முடிவு செய்தனர். அதே வேளையில் கால வரம்பும் இருந்தது. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் மாணவர் முஹம்மத் பின் அல்ஹஸன் அஷ்ஷைபானீ (இறப்பு ஹி. 189 / கி.பி. 805) வகுத்தளித்த ஸியர் என்னும் துறையைப் பின்பற்றிய ஹனஃபீ அறிஞர்கள், அமான் பெற்று வந்த ‘முஸ்தஃமின்’ ஓராண்டுக்குக் குறைவாகவே தங்கலாம் என்றனர். அதற்கு மேல் தங்கினால் அவர் நிலையான குடியாகிய திம்மியாகக் கருதப்பட்டு, அதற்குரிய வரிக்கும் உரிமைகளுக்கும் உட்படுவார். காலம் கடந்து தங்கியவரை நிலைக் குடியாக ஏற்பது அன்றைய சட்டத்தின் போக்கு. வெளியேற்றுவது இன்றைய சட்டத்தின் போக்கு.

முஸ்லிம் மாணவரைப் பொறுத்தவரை இந்த அமானும் தேவைப்படவில்லை. ஸகாத்துக்கு உரியோர் எண்மருள் ஒருவரான ‘இப்னுஸ் ஸபீல்’, அதாவது வழிப்போக்கர், என்னும் தகுதி அவருக்கு இருந்தது. ஊரைப் பிரிந்து வந்தவர் என்பதே அவர் உதவி பெறுவதற்கான காரணமாயிற்று.

ரிவாக்குகளின் நகரம்

இவ்வேற்பாட்டின் முழுமையான வடிவத்தைக் கெய்ரோவின் அல்அஸ்ஹரில் காணலாம். கி.பி. 970இல் அடித்தளமிடப்பட்டு 972இல் தொழுகை தொடங்கிய அப்பள்ளிவாசலில், பிற்காலத்தில் மாணவர்கள் தத்தம் நாட்டின் அடிப்படையில் ‘ரிவாக்’ எனப்படும் பகுதிகளில் தங்கினர். மேற்கு நாட்டினர், சிரியர், துருக்கியர், அபிசீனியப் பகுதியைச் சேர்ந்த ஜபர்த்தியர், ஜாவாவினர் எனப் பல நாட்டினருக்கும் தனித்தனி ரிவாக்குகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைவர் உண்டு. ‘ஜிராயா’ எனப்பட்ட ரொட்டிப் பங்கீடு வக்ஃபு வருமானத்திலிருந்து வழங்கப்பட்டது. புதிதாக வந்த மாணவரை அவர் மொழி பேசும் மூத்தவர்களே வரவேற்றனர்.

இதிலும் வரம்புகள் இருந்தன என்பதை மறைப்பதற்கில்லை. வக்ஃபு ஆவணங்கள் பலவும் இன்ன மத்ஹபைச் சார்ந்தவர், இன்ன ஊரார் எனத் தகுதிகளை வரையறுத்தன. எண்ணிக்கைக்கும் உச்சவரம்பு உண்டு. பங்கீட்டைக் குறித்துப் பூசல்களும் நிகழ்ந்தன. ஆயினும் அந்த வரம்புகளை விதித்தவர் அறக்கொடையாளர். அவற்றை நடைமுறைப்படுத்தியவர் கல்விக்கூடத்தைச் சார்ந்தவர். “நீ எப்போது திரும்பிச் செல்வாய்?” என்னும் வினா மாணவரின் தகுதியை முடிவு செய்யும் வினாவாக இருக்கவில்லை.

திரும்பிச் செல்லாதவர்களால் அந்நகரம் பெற்ற நன்மைக்கு ஒரு சான்று போதும். நெப்போலியனின் எகிப்துப் படையெடுப்பைக் கண்ணால் கண்டு எழுதிய மாபெரும் வரலாற்றாசிரியர் அப்துர் ரஹ்மான் அல்ஜபர்த்தீ (1753–1825), பெயரே உணர்த்துவதுபோல், ஜபர்த் பகுதியிலிருந்து பல தலைமுறைகளுக்கு முன் கெய்ரோ வந்தவர்களின் வழித்தோன்றல். அவர்தம் முன்னோர் ஜபர்த்தியர் ரிவாக்கின் தலைமைப் பொறுப்பை வகித்தவர்கள். கல்விக்காக வந்து தங்கிய ஓர் அந்நியக் குடும்பம் எகிப்துக்கு அதன் வரலாற்றை எழுதித் தந்தது.

சீட்டு முந்திக்கொண்ட காலம்

பயணிக்கு முன்பே அனுமதிச் சீட்டு செல்ல வேண்டும், பயணத்திற்கு முன்பே பணவசதியை நிறுவ வேண்டும் என்னும் நடைமுறையின் தொடக்க வடிவங்களுள் ஒன்றை டச்சுக் குடியேற்ற ஆட்சியில் காணலாம். இந்தோனேசியத் தீவுகளிலிருந்து ஹஜ்ஜுக்குச் செல்வோர் 110 கில்டர் செலுத்திக் கடவுச்சீட்டுப் பெற வேண்டும் என 1825இல் அவ்வரசு ஆணையிட்டது. அன்றைய நிலையில் அது பெருந்தொகை. 1852இல் கட்டணம் நீக்கப்பட்டது. ஆனால் 1859ஆம் ஆண்டு விதிகளின்படி, புறப்படுபவர் தம் பயணத்திற்கும், ஊரில் விட்டுச் செல்லும் குடும்பத்தின் பராமரிப்பிற்கும் போதிய வசதி உண்டு என உள்ளூர் அதிகாரியிடம் நிறுவ வேண்டியிருந்தது. திரும்பி வந்த பின் மெய்யாகவே மக்கா சென்று வந்தாரா என்பதை அறிய ஒரு விசாரணையும் உண்டு.

ஹஜ்ஜுக்குச் சென்றவர்களில் பலர் கல்விக்காக மக்காவிலேயே ஆண்டுக்கணக்கில் தங்கிவிட்டனர் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். குடியேற்ற அரசு அஞ்சியது அவர்களையே. 1884–85ஆம் ஆண்டுகளில் டச்சு அறிஞர் ஸ்னூக் ஹுர்க்ரோன்யே முஸ்லிம் பெயருடன் மக்காவில் தங்கி, ஜாவா மாணவர்களின் வாழ்வை ஆராய்ந்து எழுதியதன் பின்னணியில் இந்த அச்சமும் இருந்தது. கல்விக்காக வெளிநாடு செல்பவர் அரசியல் ஆபத்தாகப் பார்க்கப்பட்டதற்கு இது நவீன கால முன்னோடியாகும்.

முதல் உலகப் போர் இந்நடைமுறையை உலகெங்கும் பரப்பியது. போர்க்காலத் தற்காலிக ஏற்பாடாகத் தொடங்கிய கடவுச்சீட்டுக் கட்டுப்பாடு, போர் முடிந்த பின்னும் நீங்கவில்லை. 1920இல் பாரிஸில் கூடிய சர்வதேச மாநாடு கடவுச்சீட்டுக்குப் பொது வடிவம் வகுத்தது. பிரிட்டிஷ் இந்தியாவிலும் அதே ஆண்டில் கடவுச்சீட்டுச் சட்டம் இயற்றப்பட்டது.

மாணவர் விசாவின் பிறப்பு

மாணவருக்கென்றே ஒரு தனிச் சட்டவகை உருவான கதையை அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சட்ட வரலாறு தெளிவாகக் காட்டுகிறது. 1917ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியா உள்ளிட்ட ஆசியப் பெரும்பகுதியைத் தடை மண்டலமாக்கியது. 1923இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் பகத் சிங் திந்த் வழக்கில், இந்தியர் குடியுரிமைக்குத் தகுதியற்றவர் எனத் தீர்ப்பளித்தது. 1924ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டம், குடியுரிமைக்குத் தகுதியற்ற இனத்தார் குடியேற வருவதைத் தடுத்தது. அத்தடைக்கு அளிக்கப்பட்ட மிகச் சில விலக்குகளுள் ஒன்று மாணவர்களுக்கானது. பதினைந்து வயது நிரம்பிய, மெய்யாகவே கற்க வருகிற மாணவர், அரசு ஒப்புதல் பெற்ற கல்வி நிறுவனத்தில் சேருவதாயின் வரலாம்.

இவ்விலக்கு ஒரு கருணை. ஆனால் அதனுள்ளேயே ஐயமும் கருக்கொண்டிருந்தது. ஏனைய வாயில்கள் அடைக்கப்பட்ட வீட்டில் ஒரே ஒரு வாயில் திறந்திருந்தால், அதன் வழியே வருபவர் ஒவ்வொருவரும் வேறு நோக்கத்தோடு வருகிறாரோ என்னும் கேள்வி எழவே செய்யும். ஆகவே அதே சட்டப்பிரிவு கல்வி நிறுவனத்தின் மீது ஒரு கடமையையும் சுமத்தியது. மாணவர் படிப்பை நிறுத்தினால் நிறுவனம் அதனைத் தொழிலாளர் துறைச் செயலருக்கு அறிவிக்க வேண்டும். தவறினால் நிறுவனத்திற்கான ஒப்புதல் பறிக்கப்படும். ஆசிரியரின் வருகைப் பதிவேடு எல்லைக் காவலின் பதிவேடாக மாறத் தொடங்கியது இங்குதான்.

1952ஆம் ஆண்டுச் சட்டம் இன்று வழங்கும் மாணவர் விசாவைத் தோற்றுவித்தது. தம் நாட்டில் கைவிட எண்ணாத இருப்பிடம் ஒன்று தமக்கு உண்டு என மாணவர் நிறுவ வேண்டும் என்பது அதன் நிபந்தனை. விண்ணப்பிப்பவர் மாறாக நிறுவும் வரை குடியேற வருபவராகவே கருதப்படுவார் என்பது அச்சட்டத்தின் மற்றொரு விதி. ஒருவர் செய்த செயலை நிறுவலாம். செய்யாத எண்ணத்தை எவ்வாறு நிறுவுவது? இருபது வயது இளைஞரிடம் அவரது எதிர்கால மனநிலைக்குச் சான்று கேட்கும் இவ்விதியே இன்றளவும் மிகப் பல மறுப்புகளுக்கு அடிப்படையாக உள்ளது.

இவ்விசாவால் விளைந்த நன்மைகளை மறுப்பது நன்றி மறத்தலாகும். முஸ்லிம் நாடுகளின் மருத்துவர், பொறியியலாளர், அறிஞர் பல்லாயிரவர் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் உருவாயினர். 1963இல் இல்லினாய் மாநிலத்தின் அர்பானாவில் முஸ்லிம் மாணவர் சங்கம் தொடங்கப்பட்டபோது அதனை நிறுவியோரில் பெரும்பாலோர் வெளிநாட்டு மாணவர்களே. அந்நாட்டின் முஸ்லிம் அமைப்புகள் பல அதிலிருந்து கிளைத்தன. கெய்ரோவில் ஜபர்த்தியருக்கு நேர்ந்தது அமெரிக்காவிலும் நேர்ந்தது. கற்க வந்தவர் சிலர் தங்கி, தங்கிய நாட்டுக்கு வளம் சேர்த்தனர்.

தனிமனிதரிலிருந்து தேசத்திற்கு

1979ஆம் ஆண்டு நவம்பரில் டெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகம் கைப்பற்றப்பட்டது. அப்போது அமெரிக்காவில் பயின்ற வெளிநாட்டு மாணவர்களில் ஈரானியரே அதிக எண்ணிக்கையினர்; ஏறத்தாழ 50,000 பேர். அவர்கள் அனைவரும் குடிவரவு அலுவலகத்தில் நேர் நின்று தம் நிலையை நிறுவ வேண்டும் என அதிபர் கார்ட்டரின் அரசு ஆணையிட்டது. டிசம்பரில் ஒரு நீதிமன்றம் இதனைச் செல்லாது என்றது. அதே மாத இறுதியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் செல்லும் என்றது. தூதரகத்தைக் கைப்பற்றியதில் பங்கேதும் இல்லாத மாணவர்கள், பிறந்த நாட்டின் பெயரால் விசாரிக்கப்பட்டனர்.

2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின் இது விரிவடைந்தது. பத்தொன்பது தாக்குதல்காரர்களுள் மாணவர் விசாவில் நாட்டுக்குள் நுழைந்தவர் ஒருவரே. எனினும் 2002இல் தொடங்கிய சிறப்புப் பதிவுத் திட்டத்தின் கீழ் 25 நாடுகளைச் சேர்ந்த ஆண்கள், மாணவர் உட்பட, நேரில் சென்று கைரேகை பதிய வேண்டியிருந்தது. அவற்றுள் வட கொரியா தவிர்ந்த ஏறத்தாழ அனைத்தும் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் நாடுகள். 80,000க்கும் மேற்பட்டோர் பதிவு செய்தனர். 13,000க்கும் மேற்பட்டோர் மீது வெளியேற்ற நடவடிக்கை தொடங்கப்பட்டது. 2011இல் நிறுத்தப்பட்ட அத்திட்டத்தின் விதிகள் 2016 டிசம்பரில் முற்றாக நீக்கப்பட்டன.

2003இல் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கண்காணிப்பு அமைப்பு அதைவிட நிலையானது. 1996ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே வித்திடப்பட்டிருந்த இவ்வமைப்பின்படி, வெளிநாட்டு மாணவரின் முகவரி, பாடச்சுமை, துறை மாற்றம், படிப்பு நிறுத்தம் ஆகியவற்றைக் கல்வி நிறுவனம் உடனுக்குடன் அரசுக்கு அறிவிக்கிறது. அதற்கான கட்டணத்தையும் மாணவரே செலுத்துகிறார்: 2004இல் 100 டாலர்; 2019 முதல் 350 டாலர். பிரிட்டனும் 2009இல் கல்வி நிறுவனங்களை இத்தகைய பொறுப்புக்கு உட்படுத்தியது. 2012 ஆகஸ்டில் லண்டன் மெட்ரோபாலிட்டன் பல்கலைக்கழகத்தின் உரிமம் பறிக்கப்பட்டபோது, தவறேதும் செய்யாத மாணவர்கள் பலரும் வேறு கல்லூரி தேடி அலைய நேர்ந்தது.

அரசியலின் காற்று மாறும்போது வாயில் திறப்பதும் உண்டு. 2005இல் சவூதி மன்னர் அப்துல்லாஹ் பெயரிலான உதவித்தொகைத் திட்டம் தொடங்கியபின், அமெரிக்காவில் பயிலும் சவூதி மாணவர் எண்ணிக்கை சில ஆயிரங்களிலிருந்து பத்தாண்டுகளில் சுமார் 60,000 ஆக உயர்ந்தது. 2017 ஜனவரியில் ஏழு முஸ்லிம் நாட்டினருக்கு அந்நாட்டின் வாயில் திடீரென அடைக்கப்பட்டபோது, விடுமுறைக்கு ஊர் சென்ற மாணவர்கள் விமான நிலையங்களில் தவித்தனர். 2025ஆம் ஆண்டில் மாணவர் விசா நேர்காணல்கள் மே இறுதி முதல் மூன்று வாரங்கள் நிறுத்தப்பட்டு, விண்ணப்பிப்போரின் சமூக ஊடகப் பக்கங்களையும் ஆராயும் விதியுடன் மீண்டும் தொடங்கின. அவ்வாண்டில் 6,000க்கும் மேற்பட்ட மாணவர் விசாக்கள் இரத்துச் செய்யப்பட்டதாக ஆகஸ்டில் அந்நாட்டு வெளியுறவுத் துறை அறிவித்தது. பெரும்பாலானவை சட்ட மீறலுக்காக என்று கூறப்பட்டது. பாலஸ்தீன மக்களுக்காகப் பேசியதன் பொருட்டு விசாவை இழந்தவர்களும் அவ்வாண்டில் இருந்தனர்.

நம் வீட்டு வாயில்

இதனை மேற்குலகின் குற்றப்பட்டியலாக மட்டும் எழுதி முடிப்பது எளிது. ஆனால் நேர்மை அதற்கு இடந்தராது. 2005 ஜூலையில், லண்டன் குண்டுவெடிப்புகளுக்குப் பின், பாகிஸ்தான் அதிபர் முஷர்ரஃப் தம் நாட்டு மத்ரஸாக்களில் பயிலும் சுமார் 1,400 வெளிநாட்டு மாணவர்கள் அனைவரும் வெளியேற வேண்டும் என அறிவித்தார். ஒவ்வொருவரின் நடத்தையையும் ஆராய்ந்த பின் எடுத்த முடிவன்று அது. அயல்நாட்டவர் என்பதே போதுமான காரணமாயிற்று. இப்னு ஜுபைர் சுட்டிய அதே பாகுபாடின்மை, பல மடங்கு பெரிதாக.

2017 ஜூலையில் நிகழ்ந்தது இதனினும் வேதனைக்குரியது. சீனாவின் உய்குர் இனத்து மாணவர்கள் பலர் எகிப்தில் கைது செய்யப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோர் அல்அஸ்ஹரில் பயின்றவர்கள். குறைந்தது 12 பேர் சீனாவுக்கு அனுப்பப்பட்டதாக மனித உரிமை அமைப்பு அந்நாட்களில் தெரிவித்தது. கற்க வந்தவரை அவருக்குப் பாதுகாப்பான இடத்தில் சேர்ப்பிக்க வேண்டும் என்னும் இறைக்கட்டளையை ஓதும் நகரில், அவர் எங்கு செல்ல அஞ்சினாரோ அங்கேயே சேர்ப்பிக்கப்பட்டார். ரிவாக்குகளைத் தாங்கிய வக்ஃபுகள் தன்னுரிமையோடு இருந்திருப்பின், அவர்களுக்காக வாதாட ஒரு ரிவாக் தலைவரேனும் இருந்திருப்பார். வக்ஃபுகள் அரசுடைமையான பின், மாணவருக்கும் அதிகாரத்திற்கும் இடையே நிற்க எவருமில்லை.

இந்தியாவிலும் கல்வி நிறுவனங்கள் இத்தகைய கடமைக்கு உட்பட்டவையே. 1920ஆம் ஆண்டுக் கடவுச்சீட்டுச் சட்டம், 1939ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம், 1946ஆம் ஆண்டு வெளிநாட்டினர் சட்டம் ஆகியவற்றுக்கு மாற்றாக 2025 செப்டம்பர் முதல் நாள் நடைமுறைக்கு வந்த குடிவரவு மற்றும் வெளிநாட்டினர் சட்டம், தாம் சேர்த்துக்கொள்ளும் வெளிநாட்டு மாணவர் பற்றிய விவரங்களைப் பதிவு அலுவலருக்கு அளிக்குமாறு கல்வி நிறுவனங்களைப் பணிக்கிறது. கடல் கடந்த மாணவரை ஏற்கும் நம் அரபுக் கல்லூரிகளுக்கும் கலைக் கல்லூரிகளுக்கும் இது பொருந்தும். சட்டத்தைப் பின்பற்றுவது கடமை. ஆனால் அத்துடன் நம் கடமை முடிந்துவிடுவதில்லை.

ஓர் அரசு தன் வாயிலில் வருபவரை விசாரிப்பதை நம் சட்ட மரபு மறுக்கவில்லை. கால வரம்பு விதிப்பதையும் மறுக்கவில்லை. அது வலியுறுத்துவது வேறு. விசாரணை மனிதரைப் பற்றியதாக இருக்க வேண்டும், அவர் பிறந்த தேசத்தைப் பற்றியதாக அன்று. அளித்த பாதுகாப்பு இடையில் முறிக்கப்படலாகாது. வெளியேற்ற நேர்ந்தாலும் அச்சமற்ற இடத்திற்கே அனுப்ப வேண்டும். இம்மூன்றையும் பிறரிடம் கோருவதற்கு நமக்கு உரிமையுண்டு. நம் நாடுகளிடம் கோருவதற்கு அதைவிடக் கூடுதல் கடமையுண்டு.

அரசின் விதிகளை மாற்றும் ஆற்றல் நம்மில் பெரும்பாலோருக்கு இல்லை. ஆனால் இரண்டு ரொட்டிகளும் ஒரு விடுதி அறையும் எந்த அரசின் அனுமதிக்கும் காத்திருக்க வேண்டியவையல்ல. அயல்நாட்டிலிருந்து வந்து நம் ஊர்க் கல்லூரிகளில் பயிலும் மாணவர் விடுமுறை நாளில் எங்கு உண்கிறார், நோயுற்றால் யார் அழைத்துச் செல்கிறார், பதிவு அலுவலகத்தில் மொழி தெரியாமல் நிற்கும்போது யார் உடன் நிற்கிறார் என்பதை ஜமாஅத்துகளும் கல்லூரி நிர்வாகங்களும் கேட்டறியலாம். பெருநகரங்களில் நம் வக்ஃபுகளின் வருமானத்தில் ஒரு பங்கை இதற்கென ஒதுக்குவது பற்றியும் சிந்திக்கலாம். வழிப்போக்கருக்குரிய பங்கு இறைவன் விதித்தது. அதைப் பெறும் தகுதி அவர் கடவுச்சீட்டின் நிறத்தைப் பொறுத்ததன்று.